குழித்துறை முதல் நெய்யாற்றின்கரை வரை – ஸரஸ்வதி தேவி வரும் நடைவழி

திருவனந்தபுரத்தில் நவராத்திரி என்றால் நம்மவர்கள் பலருக்கும் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபமும், அங்கு ஒன்பது நாட்கள் நடக்கும் கச்சேரியும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த மண்டபத்தில் கொலுவிருக்கும் ஸரஸ்வதி தேவி திருவனந்தபுரத்தில் நித்யவாஸம் செய்பவள் அல்ல. பத்மநாபபுரத்திலிருந்து மூன்று நாட்கள் சாலை வழியாக எழுந்தருளி வந்து, விஜயதசமி முடிந்து மீண்டும் அதே வழியில் திரும்பிச் செல்பவள். மும்பை, டில்லி, சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் இளைய தலைமுறையினர் பலர் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டவர்களும் அது கடந்து வரும் வழியை அறிந்திருப்பது அரிது.

அந்த மூன்று நாள் வழியில் நடுநாள் வழியைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். குழித்துறையில் காலையில் புறப்பட்டு மாலையில் நெய்யாற்றின்கரையை அடையும் வழி அது. பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். சாதாரணமாக நடந்தால் நான்கு மணி நேரம். ஆனால் இந்தச் சிறிய தூரத்திற்குள் இரண்டு ஆறுகள், இரண்டு மாநிலங்கள், இரண்டு மொழிகள், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

மூன்று தெய்வங்கள், மூன்று நாட்கள்

முதலில் யாத்திரையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை அம்மன் முதலில் புறப்பட்டுப் பத்மநாபபுரம் வந்து சேருகிறாள். வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து குமாரஸ்வாமி வருகிறார். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டில் இருக்கும் ஸரஸ்வதி தேவியுடன் இவ்விருவரும் சேர்ந்து புறப்படுகிறார்கள். அரண்மனையின் உப்பிரிக்கை மாளிகையில் பூஜையில் வைக்கப்பட்டிருக்கும் உடைவாளை முறைப்படி எடுத்துக் கொடுத்த பிறகே யாத்திரை துவங்கும். வாள் முன்னே செல்ல, ஸரஸ்வதி யானை மீதும் மற்ற இருவரும் பல்லக்கிலும் வருவது வழக்கம்.

முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். இரண்டாம் நாள் இரவு நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணஸ்வாமி கோயிலில். மூன்றாம் நாள் பாலராமபுரம், நேமம் வழியாகக் கரமனை வந்து, அங்கிருந்து குமாரஸ்வாமி வெள்ளிக் குதிரை மீது ஏறி நகருக்குள் வருகிறார். ஸரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், குமாரஸ்வாமி ஆரியசாலை தேவி கோயிலிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டை தேவி கோயிலிலும் எழுந்தருளியிருப்பார்கள். விஜயதசமியன்று குமாரஸ்வாமி பூஜப்புரை மண்டபத்துக்குச் சென்று பள்ளிவேட்டை முடித்துத் திரும்புவார். மறுநாள் நல்லிருப்பு. அதன் பிறகு திரும்பும் பயணம்.

ஏன் இந்தப் பயணம்?

பத்மநாபபுரம்தான் வேணாட்டின், பிறகு திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. மார்த்தாண்ட வர்மா (1729–1758) நாட்டை விரிவாக்கி, 1750ல் அதை ஸ்ரீபத்மநாபஸ்வாமிக்குத் திருப்படிதானமாக ஸமர்ப்பித்ததை அனைவரும் அறிவர். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா என்ற தர்மராஜா (1758–1798) காலத்தில் அரசின் இருப்பிடம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆனால் குடும்ப தெய்வங்களும் நவராத்திரி பூஜையும் பத்மநாபபுரத்திலேயே இருந்தன. சுவாதித் திருநாள் (1813–1846) காலத்தில் நவராத்திரி விழா திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது என்றும், அப்போது தெய்வங்களை நிரந்தரமாக இடம் மாற்றாமல் ஒவ்வோர் ஆண்டும் அழைத்து வந்து திருப்பி அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்த ஸரஸ்வதி விக்ரஹம் கம்பர் பூஜித்து, பிறகு சேர மன்னரிடம் ஒப்படைத்தது என்பது ஐதீகம்.

ராஜாங்கம் போகும் இடத்துக்கு ராஜாவின் தெய்வத்தையும் நிரந்தரமாகக் கொண்டு போய்விடுவது எளிது. அப்படிச் செய்யாமல் மூலஸ்தானத்தை மதித்து, விழாவுக்கு மட்டும் அழைத்து வந்தார்கள். அதனால்தான் இந்த வழி இன்று வரை நமக்கு மிஞ்சியிருக்கிறது.

குழித்துறை

குழித்துறை ஆற்றங்கரை ஊர். கோதையாறும் பரளியாறும் சேர்ந்து இங்கே தாமிரபரணி என்ற பெயரில் ஓடித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தாமிரபரணி வேறு, இது வேறு. ஆடி அமாவாசைக்கு இங்கே பித்ரு தர்ப்பணம் செய்ய வரும் கூட்டம் மிகவும் பெரியது. அதையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சி இந்தப் பகுதி முழுவதும் பிரசித்தம். விளவங்கோடு தாலுக்காவின் தலைமையிடமும் இதுவே. ஆற்றின் மறுபுறம் மார்த்தாண்டம். முன்பு தொடுவெட்டி என்று பெயர். இன்று தேனுக்குப் பெயர் போனது.

குழித்துறையை அடுத்த பார்த்திவபுரம் நமக்கு மிக முக்கியமான இடம். ஆய் வம்சத்து அரசன் கருநந்தடக்கன் கி.பி. 865ஐ ஒட்டி இங்கே ஒரு விஷ்ணு கோயிலை எழுப்பி, வேதம் கற்பவர்களுக்காக ஒரு சாலையும் நிறுவினான். இங்கே சாலை என்றால் தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். அந்தச் செப்பேட்டில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணாக்கர்களுக்கு, இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ரிக், யஜுர், ஸாம வேத சாகைகளுக்குத் தனித்தனியாக 45, 36, 14 என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஏசினாலும் அடித்தாலும் தண்டம் கட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகளும் உண்டு. ஹாஸ்டல் விதிகளை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். பிள்ளைகள் எக்காலத்திலும் பிள்ளைகள்தாம்.

இந்தச் சாலை காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்று செப்பேடே கூறுகிறது. காந்தளூர் என்பது திருவனந்தபுரம் வலியசாலை மகாதேவர் கோயில் இருக்கும் இடமே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலையும் இதுவே. அப்படியானால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வித்யார்த்திகளும் ஆசிரியர்களும் போய்வரும் தொடர்பு இருந்திருக்கிறது. இன்று ஸரஸ்வதியுடன் வரும் குமாரஸ்வாமி தங்கும் ஆரியசாலையும், நம்மவர்களின் பழைய அக்ரஹாரம் இருக்கும் வலியசாலையும் அருகருகே இருப்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயர்கள்

குழித்துறையை விட்டு வடமேற்காக நடந்தால் படந்தாலுமூடு, அதன் பிறகு களியக்காவிளை, இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. இந்தப் பெயர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். மூடு என்றால் மரத்தடி. படந்தாலுமூடு என்பதைப் படர்ந்த ஆலின் மூடு என்று பிரித்துப் பார்க்கலாம். நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் ஆறாலுமூடு என்று இன்னொன்று. வண்டியில் போகிறவன் ஊருக்குப் பெயர் வைத்திருந்தால் மரத்தடியை இவ்வளவு நினைத்திருக்க மாட்டான். வெயிலில் நடந்து களைத்து நிழலில் உட்கார்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை.

விளை என்றால் தென்னை, வாழை, மரச்சீனி பயிரிடும் தோட்ட நிலம். களியக்காவிளை தமிழ்நாட்டில் இருக்கிறது. இஞ்சிவிளையும் அமரவிளையும் கேரளத்தில் இருக்கின்றன. மலையாளத்தில் விள என்று கடைசி எழுத்து மட்டும் குறைகிறது. எல்லைக்கோடு போட்டவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே மக்கள் இந்தப் பெயர்களை வைத்துவிட்டார்கள்.

பழைய நாட்களில் இந்த வழி நெடுக வழியம்பலங்களும் சுமைதாங்கிகளும் இருந்தன. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்ததுதான் சுமைதாங்கி. தலைச்சுமைக்காரன் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், மறுபடி தலையில் ஏற்றிக் கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இருக்கும். மலையாளத்தில் இதற்குச் சுமடுதாங்கி என்று பெயர். சாலையை அகலப்படுத்தும்போது இவற்றில் பல மறைந்துவிட்டன.

எல்லை

1956 நவம்பர் 1 வரை களியக்காவிளை திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்துக்குள் ஒரு சந்தை ஊர். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுக்காவையும் தமிழ்ப் பகுதி என்று கேட்டார்கள். அது கேரளத்திலேயே இருந்தது. இந்த மாற்றம் அமைதியாக வந்ததல்ல. நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. ஸரஸ்வதி வரும் அதே சாலையோரம்தான் மார்த்தாண்டம்.

எல்லை பிரிந்தபோது இந்த யாத்திரை நின்று போயிருக்கலாம். மூன்று தெய்வங்களின் கோயில்களும் தமிழ்நாட்டில், விழா நடக்கும் இடம் கேரளத்தில். பத்மநாபபுரம் அரண்மனையோ தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்பொருள் துறை வசம். இவ்வளவு சிக்கலுக்கும் நடுவே யாத்திரை தொடர்ந்தது. இன்றும் உடைவாள் மாற்றும் சடங்குக்கும், எல்லையில் வரவேற்புக்கும் இரு மாநில அதிகாரிகளும் அமைச்சர்களும் வருகிறார்கள். இரு மாநிலப் போலீஸாரும் மரியாதை செலுத்துகிறார்கள். தண்ணீர் விஷயத்திலும் பிற விஷயங்களிலும் இரு அரசுகளுக்கும் எத்தனையோ மனஸ்தாபங்கள் வந்து போயிருக்கின்றன. ஆனால் அம்மன் களியக்காவிளைக்கு வரும் நாளில் அவற்றை யாரும் எடுப்பதில்லை. 2020ல் கொரோனா தொற்றின்போது கூட, ஆரவாரம் குறைந்ததே தவிர யாத்திரை விட்டுப் போகவில்லை.

எல்லையைத் தாண்டியதும் பேச்சு மாறும், பெயர்ப் பலகையின் எழுத்து மாறும். வழியோர வீடுகளின் வாசலில் குத்துவிளக்கும் நிறைபறையும் தட்டில் பூவும் பழமும் வைத்துக் காத்திருப்பது மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான்.

பாறசாலை

நண்பகலில் பாறசாலை மகாதேவர் கோயிலில் இளைப்பாறல். இவ்வூரின் பெயரிலும் சாலை என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம்.

நம் ஸமூகத்தார் பாறசாலை என்ற பெயரைக் கேட்டதும் நினைப்பது ஸ்ரீமதி பாறசாலை பொன்னம்மாள் அவர்களைத்தான். 1924ல் பிறந்தவர். 1939ல் திருவனந்தபுரத்தில் துவங்கிய ஸங்கீத அகாடமியில் சேர்ந்த முதல் மாணவி. பின்னர் அதே நிறுவனத்தில் ஆசிரியையாகப் பணியாற்றினார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் பிரின்ஸிபாலும் அவரே. அந்த அகாடமியின் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் 1942 முதல் 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்த செம்மங்குடி ஸ்ரீநிவாஸ ஐயர், சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைக் கச்சேரி மேடைகளில் பரவச் செய்தார்.

நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் ஒன்பது நவராத்திரி கீர்த்தனைகள் பிரதானமாகப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, ஸாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தஸாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. அங்கே கைதட்டல் கிடையாது. கச்சேரி என்பதை விட பூஜை என்பதே பொருந்தும். அந்தப் பூஜையில் பாடும் உரிமை தலைமுறை தலைமுறையாக ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. மண்டபத்தில் வீற்றிருப்பவளோ வீணாபாணி! 2006ல்தான் இந்த விதி தளர்ந்தது. முதன்முதலாக அங்கே பாடிய பெண்மணி பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 82ஐ நெருங்கிக் கொண்டிருந்தது.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பொன்னம்மாள் பிறந்த ஊரின் வழியாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஸரஸ்வதி திருவனந்தபுரம் போய் வந்திருக்கிறாள். பாடத் தெரிந்த, பிறருக்குப் பாடக் கற்றுக் கொடுத்த ஒருவர், அந்த ஸந்நிதியில் பாட எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021ல் அவர் காலமானார். அவருக்குப் பின் பெண்கள் அங்கே பாடுவது இயல்பாகிவிட்டது. யாருக்கும் இதனால் குறை வந்துவிடவில்லை, பூஜையும் குன்றவில்லை. ஸம்பிரதாயம் என்று நாம் சொல்வதில் எது மூலம், எது பின்னால் சேர்ந்த வழக்கம் என்று பிரித்தறிய வேண்டிய அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமரவிளையும் நெய்யாறும்

பாறசாலையை விட்டால் உதியன்குளங்கரை. அருகில் செங்கல் மகேஸ்வரம் கோயிலில் 2019ல் 111 அடி உயரச் சிவலிங்க வடிவம் எழும்பியுள்ளது. அதைப் பார்க்க இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். அதன்பின் அமரவிளை. இங்கே பாலத்தில் நெய்யாற்றைக் கடக்கிறோம்.

நெய்யாறு அகஸ்தியர் மலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் கலக்கிறது. அகஸ்தியர் செய்த ஹோமத்தின் நெய்யே ஆறாக ஓடியது என்பது புராணக் கதை. இந்த ஆற்றின் கரையில் சற்று மேலே அருவிப்புறம் இருக்கிறது. 1888 சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம் அது. கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத ஒரு ஸமூகத்திலிருந்து வந்த ஒரு மகான், தம் மக்களுக்குத் தாமே கோயில் கொடுத்தார். நெய்யாற்றின்கரை வரை நடக்கிறவர்கள் அருவிப்புறத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணஸ்வாமி கோயில் மார்த்தாண்ட வர்மா கட்டியது. இளவரசராக இருந்தபோது எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வர, ஒரு சிறுவன் வழிகாட்ட, இங்கிருந்த ஒரு பெரிய பலா மரத்தின் பொந்தில் அவர் ஒளிந்து உயிர் தப்பினார் என்றும், அந்தச் சிறுவன் கிருஷ்ணனே என்று நம்பிப் பின்னர் இக்கோயிலை எழுப்பினார் என்றும் வரலாறு. அந்த மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். பட்டுப்போன அடிமரத்தைக் கோயில் வளாகத்திலேயே பாதுகாத்து வருகிறார்கள். இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய கண்ணனைச் சேவித்தால், ஓடி வந்த களைப்பு அந்த ராஜாவுக்கு எப்படித் தீர்ந்திருக்கும் என்று நமக்கும் புரியும். இரண்டாம் நாள் இரவு ஸரஸ்வதியும் மற்ற இருவரும் இங்கேதான் தங்குகிறார்கள்.

இவ்வூர் வேறு சிலரையும் தந்திருக்கிறது. திவானை விமர்சித்து எழுதியதற்காக 1910ல் நாடு கடத்தப்பட்ட ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை இவ்வூர்க்காரர். 1938ல் பொறுப்பாட்சி கேட்டுப் போராடிய மக்கள் மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. இசையுலகில் நெய்யாற்றின்கரை வாசுதேவன் (1940–2008) இவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு எங்கும் எடுத்துச் சென்றார்.

நாம் வந்த வழி

திருவனந்தபுரத்துத் தமிழ் பிராமணக் குடும்பங்களில் பலவற்றின் முன்னோர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் வந்து, இதே சாலையில்தான் மேற்கே நடந்தார்கள். மார்த்தாண்ட வர்மா துவக்கிய முறைஜபம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாட்கள் நடந்து லக்ஷதீபத்துடன் முடியும். வேதம் ஓதுவோர் பல திசைகளிலிருந்தும் வந்தார்கள். ஸமையல், கணக்கு, கோயில் பணி, ராஜாங்க உத்யோகம், ஸங்கீதம் என்று வந்தவர்களும் உண்டு. வழி நெடுகிலும் அரசாங்க ஊட்டுப்புரைகள் இருந்தன. பிராமணன் எவனும் கையில் காசில்லாமல் புறப்பட்டாலும் பட்டினி கிடக்காமல் திருவனந்தபுரம் சேர்ந்துவிடலாம். அந்த உபகாரத்தை நம் குடும்பங்கள் மறக்கலாகாது.

ஆனால் அதே வழியில் அதே காலத்தில் எல்லோரும் அப்படி நடக்க முடியவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. நம் முன்னோர் வரும்போது வழியை விட்டு இறங்கித் தள்ளி நிற்க வேண்டியவர்கள் இருந்தார்கள். ஊட்டுப்புரைக்கு அரிசி விளைந்த வயலில் உழைத்தவர்களுக்கு ஊட்டுப்புரையில் இலை இல்லை. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே, பாலராமபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863–1941), பொது வழியில் போகும் உரிமையை நிலைநாட்ட 1893ல் வில்வண்டியில் ஏறிப் பயணம் செய்தார். அதன் பிறகு பாலராமபுரத்தில் பெரும் மோதலே நடந்தது. முன்னுதித்த நங்கை புறப்படும் சுசீந்திரத்திலேயே 1926லும் 1930லும் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்யாக்ரஹம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகே கோயில் வாசல்கள் எல்லோருக்கும் திறந்தன.

இன்று யாத்திரையின்போது விளக்கேற்றி வாசலில் நிற்பவர்களின் பாட்டனாரில் எத்தனை பேர் அன்று தள்ளி நின்றவர்களோ! அவர்கள் மனக்கசப்பு வைத்துக்கொள்ளாமல் பூத்தட்டோடு வந்து நிற்பதால்தான் இந்த யாத்திரை அரண்மனைச் சடங்காகச் சுருங்காமல் ஊர் விழாவாக இருக்கிறது. நாம் மட்டும் காப்பாற்றிய ஸம்பிரதாயம் என்று இதைச் சொல்லிக்கொள்வது நியாயமாகாது.

இதே சாலையில் வந்து குடியேறிய இன்னொரு தமிழ்க் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) வரவழைக்கப்பட்ட சாலியர்கள்தான் பாலராமபுரத்தின் நெசவுத் தெருக்களை உண்டாக்கினார்கள். நாம் விசேஷங்களுக்கு உடுத்தும் கைத்தறி முண்டும் நேரியதும் அவர்களின் கைவேலை. 2009ல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று இந்த வழி

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு பஸ் போக்குவரத்து துவங்கியது. தொடக்க வழித்தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலையும் ஒன்று. 1979ல் ரயிலும் வந்தது. அன்று முதல் நடந்து போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போயிற்று. இன்று இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் இரைந்து கொண்டே இருக்கும். பிரதான சாலையிலிருந்து ஒரு பர்லாங் உள்ளே திரும்பினால் மட்டும் வாழைத் தோட்டமும் ரப்பர் மரமும் குளமும் காவும் இன்றும் உண்டு. மற்ற நாட்களில் நடக்க விரும்புகிறவர்கள் அந்த உள்வழிகளில் நடப்பதே உசிதம்.

யாத்திரை வரும் அந்த ஒரு நாள் மட்டும் வாகனங்கள் தெய்வத்துக்கு வழிவிட்டு நிற்கின்றன. போக்குவரத்து அதிகரிக்க அதிகரிக்க, லாரியில் ஏற்றி ஒரே நாளில் கொண்டு வந்துவிட்டால் என்ன என்று யாராவது கேட்கக்கூடும். நேரமும் செலவும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் களியக்காவிளையிலும் பாறசாலையிலும் அமரவிளையிலும் வாசலில் காத்திருப்பவர்களுக்கு அதன் பிறகு நவராத்திரி ஏது? அம்மன் அவர்கள் வீட்டு வாசலைக் கடந்து போவதுதான் அவர்களுக்கு நவராத்திரி. நடை நின்றால் மண்டபத்தில் விழா நடக்கும், வழியில் விழா இருக்காது.

ஆகவே நம் அங்கத்தினர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள்.

முதலாவது, வெளியூரில் இருப்பவர்கள் நவராத்திரிக்கு ஊருக்கு வரும்போது இரண்டு மூன்று நாட்கள் முன்னதாக வந்து, முழு வழியும் முடியாவிட்டாலும் இந்த நடுநாள் வழியையாவது குழந்தைகளுடன் நடந்து பாருங்கள். காலையில் ரயிலில் குழித்துறை போய் இறங்கலாம். நடக்க முடியாத வயதானவர்கள் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ சேர்ந்து கொள்ளலாம். குடையும் தண்ணீரும் அவசியம். புரட்டாசியில் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. நம் கிளைகள் வழியில் ஒரு தண்ணீர்ப்பந்தலோ அன்னதானமோ ஏற்பாடு செய்தால் மிகவும் நல்லது. வருகிறவர் யார் என்று கேளாமல் எல்லோருக்கும் இலை போட வேண்டும். பழைய ஊட்டுப்புரைக்கு நாம் பட்ட கடனை அப்படித்தான் தீர்க்க முடியும்.

இரண்டாவது, நம் வீடுகளில் எண்பது வயதைக் கடந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். சுசீந்திரம், வடிவீஸ்வரம், கல்குளம், கரமனை, வலியசாலை என்று அவர்கள் குடும்பம் எந்த வழியாக வந்தது, எங்கே தங்கியது, யார் வீட்டில் சாப்பிட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். தாம்பூலத் தட்டின் மேல் வைத்த பழைய நவராத்திரிப் போட்டோ இருந்தால் அதன் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் குறித்து வையுங்கள். அரசர்களின் செய்தி செப்பேட்டில் இருக்கிறது. நடந்து வந்தவர்களின் செய்தி இவர்கள் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அடுத்த நவராத்திரிக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கமாவது எழுதி அனுப்பினால், அவற்றைத் தொகுத்து இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடலாம்.